மாப்பிள்ளையின் இடுப்பெலும்பு

அத்தியாயம் ஏழு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நான் ஒரு ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து தூத்துக்குடிக்குள் போய்க்கொண்டிருந்தேன். என் கார் ஒர்க்ஷாப்பில் கிடந்தது. சுங்கத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, இன்று மொகுதூம் துப்பறியும் நிலையத்தை நடத்துகிற ஒருவன் தன் உதவியாளரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார நேர்ந்தால், அதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதுகு வளையக் கூடாது. முன்னால் இருப்பவரைத் தொடக் கூடாது. தொப்பி பறக்கக் கூடாது.

"சார், பள்ளம் வருது. எதையாவது பிடிச்சுக்கிடுங்க," என்றாள் ஸ்டெபி.

"குடையைப் பிடிச்சிருக்கேன்."

"அந்தக் குடையை யாரு பிடிச்சிருக்கா?"

பள்ளம் வந்தது. குடையும் நானும் அரை அடி மேலே போய்ச் சேர்ந்தே இறங்கினோம். முதுகு வளையவில்லை.

என் மடியில் ஒரு கோப்பு இருந்தது. இதுவரை நான் நடத்திய வழக்குகள் எல்லாம் அடுத்தவர் வீட்டு வழக்குகள். இது என் வீட்டு வழக்கு. காயல்பட்டினத்தில் இருக்கும் என் தங்கை உம்மு ஹானியின் மகள் ராஹிலாவுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்பது அவர் வீட்டுக் கவலை மட்டும் அல்ல. எங்கள் கூரைக்குக் கீழே படுக்கப் போகிறவர் அவர்.

மாப்பிள்ளையின் பெயர் முஸம்மில். வயது இருபத்தெட்டு. முன்பல்லில் ஒரு சந்து, வலது காலில் ஒரு தாங்கல். போன வியாழக்கிழமை அவனே தன் ஆஸ்பத்திரிக் காகிதங்களை எல்லாம் கொண்டுவந்து பெண்ணின் வாப்பா காஜாவிடம் கொடுத்தான். "நிக்காஹுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சுக்கணும் மாமா," என்றானாம். வலது இடுப்பு மூட்டில், தொடையெலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்தம் போவது நின்றுபோய், அந்த எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. காகிதங்களோடு ஒரு விளக்கத் தாளும் இருந்தது. அதில் காரணங்கள் என்று இரண்டே இரண்டு அச்சாகியிருந்தன. ஒன்று, மது. இரண்டு, ஸ்டீராய்டு மருந்து.

சனிக்கிழமை காஜாவின் போனுக்கு யாரோ ஒரு புது எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. திரேஸ்புரம் கடற்கரை. பட்டப்பகல். கண் இரண்டும் செக்கச் சிவந்து, நிற்க முடியாமல் தள்ளாடும் முஸம்மிலை இரண்டு பேர் தோளில் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

காஜா தாளையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "மச்சான், குடிகாரனை வீட்டுக்குள்ள விட முடியாது. ஆனா நான் சொன்னா ஊரு நம்பாது. நீங்க விசாரிச்சு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க. குடிச்சான், இல்லாட்டி குடிக்கல. புதன்கிழமைக்குள்ள வேணும்."

ஞாயிற்றுக்கிழமை நான் முஸம்மிலை நேரில் விசாரித்தேன். குடித்தாயா என்றேன். இல்லை மாமா என்றான். மாத்திரை, ஊசி, ஜிம்மில் தின்கிற பொடி? இல்லை. பின் எப்படி வந்தது இந்த நோய்? தரையில் விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சுங்கத் துறையில் நான் கற்ற முதல் பாடம், கம்பளத்தைப் பார்க்கிறவனிடம் கம்பளத்துக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்பது.

*

முஸம்மில் போன ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் டாக்டர் ஜெயபிரியா எங்களுக்காகக் காத்திருந்தார். தாமிரபரணிப் பக்கத்து வயல்காட்டு ஊர்க்காரர். பேச்சில் மிச்சம் வைக்காத பெண்மணி.

"முதல்லயே சொல்லிடுதேன். எந்த நோயாளியைப் பத்தியும் நான் பேசமாட்டேன். நோயைப் பத்தி வேணும்னா நாள் பூரா பேசுவேன்."

"நோய் போதும்," என்றேன்.

அவர் ஒரு கண்ணாடித் தட்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். "இடுப்பு மூட்டுக்குள்ள முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு நீர் இருக்கு. எலும்பும் எலும்பும் உரசாம இருக்க அதுதான் எண்ணெய். அந்த நீருக்குள்ள ரொம்பக் கொஞ்சமா ஸ்டெம் செல்லுங்க மிதக்கும். எலும்பாகவும் மாறும், கொழுப்பாகவும் மாறும். நாங்க அந்த நீரை ஊசியில எடுத்து இந்தத் தட்டுல விடுதோம். மத்த செல்லு எல்லாம் கழுவினா போயிடும். ஸ்டெம் செல்லு மட்டும் அடியில ஒட்டிக்கிட்டு, அங்கனயே இருந்து பெருகும்."

"எங்க சார் ஊரு மாப்பிள்ளைங்க மாதிரி," என்றாள் ஸ்டெபி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"பாருங்க," என்று டாக்டர் நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினார். நான் நிமிர்ந்த முதுகோடு குனிந்தேன். அது முடியக்கூடியதுதான், பழக்கம் வேண்டும். கறுப்புக் கறுப்பாகச் சில கோடுகள் அசைந்தன.

"உயிரோட்டமா இருக்கு," என்றேன்.

"அது உங்க இமை," என்றார் டாக்டர். "கொஞ்சம் கண்ணைத் தள்ளி வைங்க."

இரண்டாவது முறை தெரிந்தது. மெலிந்த நீண்ட செல்கள், காற்று ஒரே பக்கம் சாய்த்த புல்லைப் போலப் படுத்திருந்தன. செத்துக்கொண்டிருக்கும் ஓர் எலும்புக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று உயிரோடு மிதந்துகொண்டிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிறிது நேரம் அதிகமாகவே பார்த்துவிட்டேன்.

"இதைப் பெருக்கி, செத்த எலும்புக்குள்ள துளை போட்டு வச்சா புது எலும்பு வருமான்னு பார்க்குதோம். ஆராய்ச்சிதான். சத்தியம் பண்ணித் தரமுடியாது. ஆனா எலும்போட உருண்டை நொறுங்குறதுக்கு முன்னாடி வந்தாத்தான் சேர்த்துக்கவே முடியும்."

நான் விஷயத்துக்கு வந்தேன். "டாக்டர், இந்தச் செல்லைப் பார்த்து, அதுக்குச் சொந்தக்காரர் குடிச்சவரா இல்லையான்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"கொஞ்சம்கூட?"

"குடியோ ஸ்டீராய்டோ ரொம்பப் போன உடம்புல இதுங்க எலும்பாகாம கொழுப்பாகப் பார்க்கும்னு ஆராய்ச்சியில சொல்லுதாங்க. ஆனா ஒரு ஆளோட செல்லை வச்சு அவர் குடிச்சார், குடிக்கலன்னு தீர்ப்பு எழுதினா அது மோசடி. செல்லு சாட்சி சொல்லாது சார். ஆளைத்தான் கேக்கணும்."

நான் கோப்பைத் திறந்து, முஸம்மில் கொடுத்த காகிதங்களில் கடைசித் தாளை எடுத்தேன். ஆராய்ச்சியில் சேருவதற்கான படிவத்தின் நகல். பெயர், வயது, எல்லாம் நிரப்பியிருந்தது. 'நோய்க்குக் காரணம்' என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இப்படிக் கட்டம் காலியா இருந்தா என்ன ஆகும்?"

"யாரோட படிவம்னு நான் பார்க்கல," என்று டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பொதுவாச் சொல்லுதேன். காரணத்தை எழுதி, அதை விட்டுட்டேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் சேர்ப்போம். ஒரு பக்கம் நாங்க எலும்பை வளர்க்க, இன்னொரு பக்கம் அவர் அதைக் கொன்னுட்டு இருந்தா என்ன லாபம். வர்ற திங்கட்கிழமை கடைசி நாள்."

ஆக, முஸம்மிலின் திருமணமும் இடுப்பும் ஒரே காலிக் கட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதில் அவன் ஒரு வார்த்தை எழுதினால் போதும். அவன் எழுதவில்லை. ஏன்?

ஸ்டெபி விளக்கத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர், இது எங்க அச்சடிச்சது?"

"மதுரையில. ஏன்?"

"மதுரையில கடல் கிடையாதே."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு முதன்முறையாகச் சிரித்தார். "மூணாவதா ஒரு காரணம் இருக்கு. எல்லா ஊர்லயும் வராது, அதனால அதை அச்சடிக்கல. ஆழமான தண்ணியில காத்தை இழுத்துக்கிட்டு ரொம்ப நேரம் வேலை செஞ்சுட்டு, சட்டுனு மேல வந்தா, ரத்தத்துல காத்துக் குமிழி உண்டாகும். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. அந்தக் குமிழி எலும்புக்குப் போற சின்ன ரத்தக் குழாயை அடைச்சுடும். முதல்ல அடிவாங்குறது இடுப்பும் தோளும்."

"அப்படிப்பட்டவங்க வெளியே வரும்போது எப்படி இருப்பாங்க?"

"காது குழம்பித் தள்ளாடுவாங்க. தண்ணிக்குள்ள மாட்டுற கண்ணாடி முகத்தை அழுத்தினா கண்ணு ரத்தமாச் சிவந்திருக்கும்."

ஸ்டெபி என் கோப்பிலிருந்து திரேஸ்புரம் படத்தை உருவி மேசையில் வைத்தாள். முஸம்மிலின் நெற்றியிலிருந்து மூக்குக்குக் கீழ்வரை, முகத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு தடம் பதிந்திருந்தது. ஞாயிறு முழுக்க நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். அது தலையணைத் தடம் என்று என் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

"முட்டை வடிவத் தலையணை காயல்பட்டினத்துல கிடைக்கும் போல," என்றாள் ஸ்டெபி.

*

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகும் வள்ளங்கள் மதியத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் குடும்ப வள்ளமும் அங்கேதான் நிற்கிறது. எங்களுக்கு இன்று அது பிழைப்பு அல்ல. காஜாவுக்கு இரண்டு கடைகள், எனக்குப் பென்ஷன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு முறை இருக்கிறது. முத்துக்குளித்த காலத்திலிருந்து ஒவ்வொரு தலைமுறையிலும் எங்கள் வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் கடலில் இறங்க வேண்டும். என் தலைமுறையில் என் காக்கா, அதாவது மூத்த அண்ணன், இறங்கினார். இப்போது என் தங்கை மகன் நௌஃபல், ராஹிலாவின் அண்ணன், இறங்குகிறான். கம்ப்ரசர் அனுப்பும் காற்றில், பன்னிரண்டு பாகம் ஆழத்துக்கு, அதாவது எழுபது அடிக்கு மேல், இரண்டு வருடமாக. தங்கை வீட்டுக் கூடத்தில் 'ஆறாம் தலைமுறை' என்று பெயரிட்டு அவன் படத்தை நான்தான் மாட்டினேன். ஊரில் அதைப் பார்க்காதவர் இல்லை. பார்க்காதவர்களை நான் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன்.

வள்ளத்தில் ரோச் டியூப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கடலுக்குள் இருப்பவனுக்குக் காற்றுப் போகிற டியூப்பை மேலே நின்று பிடித்திருப்பது அவர் வேலை. ஸ்டெபிக்குத் தாய்மாமன் முறை.

"மாமா, முஸம்மில் யாரு வள்ளத்துல குளிக்கப் போறான்?" என்றாள்.

ரோச் என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். "ஏளா, நான் பேசமாட்டேன். பனிமய மாதா மேல சத்தியம். இந்த விஷயத்துல என் வாயைத் திறக்கமாட்டேன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

"எந்த விஷயம்னு நான் இன்னும் சொல்லவேயில்லையே."

"அதான் சொல்லுதேன். எந்த விஷயம்னும் எனக்குத் தெரியாது."

நான் முன்னால் வந்தேன். "ரோச், இது என் குடும்ப வள்ளம். கேட்கிறது நான்."

"அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சத்தியமே," என்றவர், சொன்ன பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

ஸ்டெபி வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். "சரி மாமா, வாயைத் திறக்க வேண்டாம். கையைத் திறக்கலாம்ல? அந்த டியூப் நுனியில வாயில கவ்வுற ரப்பர் இருக்கே, அதைக் காட்டுங்க."

ரோச் சற்று யோசித்தார். சத்தியத்தை மனதுக்குள் ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, முகம் மலர, நான்கு ரப்பர்களைப் பலகைமேல் வரிசையாக வைத்தார். ஒருவர் கவ்வியதை இன்னொருவர் கவ்வமாட்டார். அதனால் ஒவ்வொன்றிலும் பெயிண்டில் பெயர் எழுதியிருக்கும். மூன்றாவதில் 'நௌஃபல்' என்று இருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார் ரோச். "அது என்ன சொல்லுதோ நீயே கேட்டுக்க."

ஸ்டெபி அதை வெயிலில் பிடித்தாள். இரண்டு வருடம் பல்லுக்கு நடுவே இருந்த ரப்பர். மேல்பற்கள் பதிந்த பள்ளம் ஆழமாக இருந்தது. நட்டநடுவில் மட்டும் பல் படாமல், ஒரு மேடு நிமிர்ந்து நின்றது.

"முன்பல்லுல சந்து," என்றாள் மெதுவாக. "நௌஃபல் தம்பிக்குப் பல்லு எப்படி சார்?"

அவனுக்குப் பன்னிரண்டு வயதில் கம்பி போட்டு நேராக்கியது நான். சென்னைக்கு ஆறு தடவை கூட்டிப்போனேன். எங்கள் வீட்டிலேயே நேரான பல்வரிசை அவனுடையது.

"ரப்பர் பழசு," என்றேன். "தானாகவே மேடு வந்திருக்கலாம்."

"வரலாம் சார். உங்க போன்ல தம்பி படம் இருக்கே, காட்டுங்க."

நௌஃபல் கையில் சங்கோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கும் படம். கூடத்தில் மாட்டியதும் அதுதான். ஸ்டெபி அதைப் பெரிதாக்கினாள். முகத்தில் கண்ணாடித் தடம் இல்லை. கண்கள் பளிங்காக வெளுத்திருந்தன.

"கையில வாட்ச்," என்றாள்.

"நான் வாங்கிக் கொடுத்தது."

"தோல் வார் வாட்ச் சார். அதைக் கட்டிக்கிட்டுப் பன்னெண்டு பாகம் போயிட்டு வந்திருக்காரு. வாரு நனையவே இல்ல."

நான் ரோச்சைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் ஒரு வாளியை எடுத்து, கடலில் மொண்டு, தன் தலையில் ஊற்றிக்கொள்வதுபோல் அபிநயம் பிடித்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் திறக்கவில்லை என்பதற்கு அடையாளமாக உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

*

காயல்பட்டினத்துக்கு அந்த ஸ்கூட்டரிலேயே போனோம். ஆறுமுகநேரி உப்பளங்களுக்குப் பக்கத்தில் ஸ்டெபி நிறுத்தி ஒரு கொய்யாப்பழம் வாங்கினாள்.

"இப்ப பசிக்குதா உனக்கு?"

"எனக்கில்ல சார். சாட்சிக்கு."

மதியத் தொழுகை முடிந்து கூடத்தில் காஜா இருந்தார். நௌஃபல் கல்யாணப் பந்தலுக்கு விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தான். நான் போன் செய்து வரச்சொன்னதால் முஸம்மிலும் வந்து, இடது காலில் பாரத்தை வைத்துச் சுவரோரம் நின்றான். உள்கதவின் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. என் தங்கையும் ராஹிலாவும் அங்கே இருந்தார்கள்.

"என்ன மச்சான், எழுதியாச்சா?" என்றார் காஜா.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஸ்டெபி. கொய்யாவை நௌஃபலிடம் நீட்டினாள். "தம்பி, ஆறுமுகநேரிக் கொய்யா. ஒரு கடி கடிச்சுப் பாருங்க."

அவன் வெள்ளந்தியாகக் கடித்தான். அடுத்த கணம் பழம் ஸ்டெபியின் கையில் இருந்தது.

"மிச்சம்?" என்றான், வாய் நிறைய.

"ஆபீசுக்கு."

கொய்யாவில் நௌஃபலின் பல் ஒரே நேர்கோடாக இறங்கியிருந்தது. அதன் பக்கத்தில் அவள் அந்த ரப்பரை வைத்தாள். நௌஃபலின் பெயர், நடுவில் மேடு. காஜா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் கொய்யாவைத்தான் குறை சொல்லப் போகிறார் என்று தோன்றியது.

நான் எழுந்து நின்றேன். "நௌஃபல். இந்த ரப்பரைக் கவ்வினது யாரு?"

அவன் மென்றுகொண்டிருந்ததை விழுங்க முடியாமல் நின்றான்.

"மாமா, நான் சொல்லுதேன்," என்று முஸம்மில் முன்னால் வந்தான். வலது கால் ஊன்றும்போது முகம் சுருங்கியது. "நான் குடிச்சேன்னே எழுதிக்கிடுங்க. போதும்."

குடிக்காத ஒருவன், நிக்காஹுக்கு மூன்று நாள் இருக்கும்போது, குடித்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். என் முப்பத்து நான்கு வருடத்தில் வரி கட்டாமலிருக்கப் பொய் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் வரியைத் தான் கட்டப் பொய் சொன்னவனைப் பார்த்ததில்லை.

"ஏலே, சும்மா இரு," என்றான் நௌஃபல். விளக்குச் சரத்தைக் கீழே போட்டான். "மாமா, நான் ரெண்டு நாள்தான் இறங்குனேன். ரெண்டாம் நாளே காது ஜவ்வு கிழிஞ்சு ரத்தம் வந்துட்டு. அதுக்கப்புறம் தண்ணியைப் பார்த்தாலே கை நடுங்குது. என் கூட்டாளிங்கிறதால இவன்தான் என் பேருல இறங்குனான். நான் வள்ளத்துலயே உட்கார்ந்திருந்து, கரை வரும்போது வாளியில மொண்டு ஊத்திக்கிடுவேன்."

"ரெண்டு வருஷமா?" என்றார் காஜா.

"ரெண்டு வருஷமா வாப்பா."

"ஏன்டா எங்ககிட்ட சொல்லல? யாருக்குப் பயந்து?"

நௌஃபல் அவன் வாப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு, சுவரில் நான் மாட்டிய படத்தைப் பார்த்தான்.

"மாமாவுக்கு," என்றான்.

ஒரு துப்பறிபவன் தன் வழக்கில் குற்றவாளியை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டும் இடம் இது. என் விரலுக்கு எந்தப் பக்கம் நீளுவது என்று தெரியவில்லை. குடையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அது வழுக்கி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

காஜாதான் முதலில் சுதாரித்தார். குரலைத் தாழ்த்தினார். "மச்சான், இது இந்தச் சுவருக்குள்ளயே இருக்கட்டும். ஆறாம் தலைமுறை வாளியில குளிச்சான்னு வெளியே தெரிஞ்சா நம்ம மானம் என்ன ஆகும்? நிக்காஹை வேற ஏதாவது காரணம் சொல்லி..."

"உட்காருங்க மச்சான்," என்றேன்.

அவர் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.

"நம்ம மானத்தை ரெண்டு வருஷமா இவன் இடுப்பு சுமந்திருக்கு. அதுவும் நம்ம பேரு எழுதின ரப்பரைக் கவ்விக்கிட்டு. இன்னும் மூணு நாள் சுமன்னு சொல்ல எனக்கு வாய் வரல." கோப்பைத் திறந்து படிவத்தை நௌஃபலிடம் நீட்டினேன். "இது நகல். முதல்ல நீ இதுல எழுது. நோய்க்குக் காரணம். கம்ப்ரசர் காத்துல சங்கு குளிச்சது, இரண்டு வருடம். யாருக்காகன்னும் எழுது. நாளைக்குக் காலையில நீயே இவனைக் கூட்டிட்டுப் போய், டாக்டர் முன்னாடி அசலை நிரப்பு. இவன் கையெழுத்துப் போடட்டும்."

நௌஃபல் முழங்காலில் தாளை வைத்து எழுதினான். எழுதும்போது அழுதான், ஆனால் கையெழுத்து கோணவில்லை. அதற்கும் சின்ன வயதில் நான்தான் வாத்தியார் வைத்தேன். முஸம்மில் அவன் தோளில் கை வைத்து, "எழுத்துப் பிழை விடாதலே, டாக்டர் திட்டும்," என்றான்.

நான் என் அறிக்கையை எடுத்து, காஜா கேட்ட ஒரு வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'குடிக்கவில்லை.' அதன் கீழே, அவர் கேட்காத இன்னும் நான்கு வரிகளையும் எழுதினேன். அவற்றில் என் பெயர் இரண்டு இடத்தில் வந்தது.

"சார், ஒரு சந்தேகம்," என்றாள் ஸ்டெபி. "எல்லாம் சரி. காஜா அண்ணாச்சிக்கு அந்தப் படத்தை அனுப்புனது யாரு? இந்தப் பையனைக் கெடுக்கணும்னு யாருக்கோ ஆசை. அந்த ஆளு இன்னும் வெளியேதான இருக்கான்?"

நான் கோப்பை மூடியிருந்தேன். மறுபடி திறந்தேன். அவள் சொன்னது சரி. அந்த எதிரியை நான் மறந்தே போயிருந்தேன்.

"வெளியே இல்ல," என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "இங்கனதான் இருக்கேன்."

ராஹிலாவின் குரல்.

காஜா வாயைத் திறந்தபடி திரும்பினார். என் தங்கை உள்ளே "ஏளா, சும்மா இரு" என்று அதட்டுவது கேட்டது. ராஹிலா சும்மா இருக்கவில்லை.

"எனக்கு எட்டு மாசமாத் தெரியும் மாமா. அவங்க தங்கச்சி முடுக்கு வழியா வந்து சொன்னா." எங்கள் ஊரில் வீடுகளின் பின்பக்கம் பெண்கள் மட்டும் நடக்கும் சந்துகள் உண்டு. ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. அதனால்தான் எங்களுக்கு எதுவும் தெரிவதில்லை. "கடல்ல இறங்காதீங்கன்னு சொல்லி அனுப்புனேன். அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்னு சொல்லிட்டாங்க. போன வாரம் தாளைப் பார்த்துட்டு வாப்பா சத்தம் காட்டாம நிக்காஹை நிறுத்தப் பார்த்தாங்க. சத்தமில்லாம நின்னுபோச்சுன்னா யாரும் விசாரிக்க மாட்டாங்கள்ல? அதான் ரோச் மாமாகிட்ட போன் பண்ணி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதைப் புது நம்பர்லருந்து வாப்பாவுக்கு அனுப்பிட்டேன். போட்டோ வந்தா கண்டிப்பா கேஸு உங்ககிட்ட வரும்."

"ரோச் வாயைத் திறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தாரே," என்றேன்.

"வாயைத்தான மாமா."

எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. பிள்ளை என் திறமையை நம்பித் தன் வாழ்க்கையையே பணயம் வைத்திருக்கிறாள். "ஒருவேளை அவன் குடிகாரன்னு நான் எழுதியிருந்தா?"

திரைக்குப் பின்னால் வளையல் ஒரு தடவை குலுங்கியது.

"ஸ்டெபி அக்கா இருக்காங்கல்ல மாமா," என்றாள் ராஹிலா.

ஸ்டெபி இருமினாள். ரொம்ப நேரம் இருமினாள். முஸம்மில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. நௌஃபல் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். காஜாகூட மூக்கைச் சொறிவதுபோல் வாயை மறைத்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில், என் முன்னால், என்னை வைத்து இத்தனை பேர் சிரித்து நான் பார்த்ததில்லை. தடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். என் உதடு ஒத்துழைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடக்கும்," என்றேன், முடிந்தவரை விறைப்பாக.

"ஒண்ணே ஒண்ணு மாமா," என்றாள் ராஹிலா. இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது. "அவங்களால சம்மணம் போட்டு உட்கார முடியாது. எலும்பு உடைஞ்சுரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நம்ம வீட்டு நிக்காஹ்ல எல்லாரும் தரையிலதான் உட்காரணும்னு நீங்க..."

காஜா தலையை ஆட்டினார். "மாப்பிள்ளை மட்டும் தனியா நாற்காலியில உட்கார்ந்தா ஊரே கேக்கும், இவனுக்கு என்னன்னு."

எங்கள் வீட்டு நிக்காஹில் தரையில் கம்பளம் விரிப்பதுதான் முறை. போன வருடம் சித்தப்பா மகன் திருமணத்தில் முழங்கால் வலி என்று நாற்காலி கேட்ட ஒரு பெரியவரை நானே எழுப்பித் தரையில் உட்கார வைத்திருக்கிறேன். முஸம்மில் என்னைப் பார்க்கவில்லை. மறுபடி கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் அடியில் இப்போது ஒன்றும் இல்லை; அவனுக்கு வலி மட்டும்தான்.

நான் போனை எடுத்துப் பந்தல்காரரைக் கூப்பிட்டேன்.

"மொகுதூம் பேசுதேன். வெள்ளிக்கிழமைக்குக் கம்பளம் வேண்டாம். முந்நூறு நாற்காலி. ஆமா, எல்லாருக்கும், எனக்கும் சேர்த்து. இறக்கி வரிசையா போட ஆளு அனுப்ப வேண்டாம். இங்கன நௌஃபல் இருக்கான்."